கப்பலில் போன கட்டுச்சோறு

மதுரை,
மேலமாசி வீதிச் சந்து,
12-6-1937

அன்புத் தங்கச்சி சீனியம்மாளுக்கு அண்ணன் கருத்தக்கண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உன் மதினி செல்லத்தாயும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சித்திரையில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை. பினாங்கில் தபால் தலைக்கு அவ்வளவு பஞ்சமா?

ஆத்தா ஊரில் திடமாக இருக்கிறாள். போன வருஷம் நீ பால்பாண்டி மாப்பிள்ளையோடு கப்பல் ஏறிய சேதி கேட்டு, உக்கிரபாண்டிப் பெரியப்பா ஊரைக் கூட்டி, "வேத்துச் சாதிக்காரன் பின்னால போனவ செத்தவளுக்குச் சமம்" என்று சொன்னதும், ஆத்தா கண்மாயில் இறங்கித் தலை முழுகினாளே, அன்றிலிருந்து உன் பேரை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுகிறாள். மாப்பிள்ளை என் ஸ்டூடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்ததால்தானே இவ்வளவும் என்று என் மேலும் கோபம்தான். ஆனாலும் பெற்ற மகனை விட முடியாமல் செக்கானூரணியில் பஸ் ஏறி அவ்வப்போது வந்து போகிறாள்.

இருக்கட்டும். ஒரு அதிசயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன்.

இங்கே ஒரு காப்பி கிளப்புக்காரர், தன் கடைப் பலகாரங்களைப் படமெடுத்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்ட வேண்டும் என்று வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆளப் படம் எடுக்கலாம், சாமியப் படம் எடுக்கலாம். இட்டிலிய எடுத்து என்ன அண்ணே செய்யப்போறீக?" என்றேன். "ரோட்டுல போறவன் அதப் பாத்துட்டுப் படியேறி வரணும்ப்பா" என்றார்.

தட்டை முற்றத்து வெயிலில் வைத்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் இட்டிலி வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி சப்பையாக இருக்கிறது. சாம்பார் மைக்கூட்டைக் கொட்டியது போல் கறுப்பு. நம் கண்ணுக்குச் சிவப்பு எதுவோ, அது இந்தக் கண்ணாடித் தகட்டுக்குக் கறுப்பு. உன் மதினி பார்த்துவிட்டு, "இது என்ன, வெள்ளையடிக்கக் கரைச்சு வச்ச சுண்ணாம்பா?" என்றாள்.

மறுபடி மறுபடி எடுத்தேன். எல்லாம் சுண்ணாம்புதான். சலித்துப்போய்த் தட்டைச் சன்னலோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன் தங்கச்சி. சன்னலின் ஒரு கதவு சாத்தியிருந்தது. மற்றதன் வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழுந்தது. ஒவ்வொரு இட்டிலிக்கும் வயிறு வந்திருந்தது! வயிற்றுக்குக் கீழே மெல்லிசாக ஒரு நிழல். மேலே ஊசி முனை அளவு கண்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அதுவரை நான் இட்டிலியைத் தின்றிருக்கிறேனே தவிர, பார்த்ததே இல்லை என்று அப்போது தோன்றியது. தட்டில் இருந்தது ஆறிப்போன பழைய இட்டிலி. ஆனால் என் கை தானாக நீண்டது.

தின்னும் பொருளுக்கு வெளிச்சம் முன்னால் இருந்து வரக் கூடாது, பக்கத்தில் இருந்து வரவேண்டும். இது தெரியாமலா இத்தனை வருஷம் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்!

உடனே பதில் போடு.

உன் அண்ணன்,
கருத்தக்கண்ணன்


பினாங்கு,
4-7-1937

பிரியமுள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் சீனியம்மாள் எழுதிக்கொண்டது.

கோபித்துக்கொள்ளாதே அண்ணே. பேனா பிடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தேன். இப்போதும் அவர் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்திவிட்டுச் சரக்குக் கிட்டங்கி வேலைக்குப் போன பிறகு, நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன்.

மதினியிடம் சொல். நான் முழுகாமல் இருக்கிறேன். மூன்றாம் மாதம் முடியப்போகிறது.

போன தடவை இதே கணக்கில்தான் தங்காமல் போனது. உனக்கு நான் அதை எழுதவில்லை. எழுதினால் நீ என்ன செய்வாய், அழுவாய், அவ்வளவுதானே. இந்தத் தடவை எதுவும் வயிற்றில் நிற்க மாட்டேன் என்கிறது. சோறு கொதிக்கிற வாடை வந்தாலே குடலைப் புரட்டுகிறது. இந்த ஊர் அரிசி வாடை, இந்த ஊர் எண்ணெய் வாடை, கடல் காற்று, ஒன்றும் ஆகவில்லை. அவர் வேலை விட்டு வந்து தானே உலை வைத்து, ரசம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வாய் புள்ள, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவார். ஒரு வாய் வைப்பேன். அதுவும் வெளியே வந்துவிடும். ஆசுபத்திரியில் பார்த்த அம்மாள், "இப்படியே போனால் பிள்ளை பிழைக்காது" என்று அவரிடம் தனியாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அவர் என்னிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

இப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. படுத்தபடியே படித்தேன். இட்டிலிக்கு வயிறு வந்தது, கீழே நிழல் விழுந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில், சொன்னால் நம்ப மாட்டாய், எனக்கு எச்சில் ஊறியது. மறுபடி படித்தேன். மறுபடி ஊறியது. வாடை இல்லை அண்ணே, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காகிதத்துக்கு வாடை கிடையாது. கண்ணால் மட்டும் பார்க்கிற சோறு என் வயிற்றைப் புரட்டவில்லை.

அந்தப் படத்தில் ஒரு பிரதி எனக்கு அனுப்புவாயா? பைத்தியக்காரி என்று சிரித்தாலும் சிரி.

ஆத்தா முழங்கால் வலிக்குத் தைலம் போடுகிறாளா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் தங்கச்சி,
சீனியம்மாள்


மதுரை,
29-7-1937

அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் உடனே போய் மீனாட்சி சன்னதியில் உன் பேருக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

படம் இந்த உறையில் இருக்கிறது. காப்பி கிளப்புக்கு எடுத்தது அல்ல. அதில் எத்தனையோ தகிடுதத்தம் செய்திருக்கிறேன். காப்பி நுரை சீக்கிரம் அமுங்கிவிடுகிறது என்று சோப்பு நுரையை அள்ளி வைத்தேன். பூரி வாடாமல் இருக்க அரைவேக்காட்டில் எடுத்து எண்ணெய் தடவினேன். கேசரிக்கு அடியில் கிண்ணத்தைக் கவிழ்த்து மேடாக்கினேன். கிளப்புக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்! ஆனால் நீ சாப்பிடப்போகிற சாப்பாட்டில் அண்ணன் சோப்பைப் போடுவேனா? உனக்காகத் தனியாக எடுத்தேன். இதில் இருப்பதெல்லாம் உன் மதினி மாவாட்டி அவித்தது. படம் எடுத்த பிறகு நாங்களே தின்றோம்.

எப்படி எடுத்தேன் என்று கேள். முதலில் கேமராவை நின்ற வாக்கில் வைத்தேன். தட்டு கடையில் விலைக்கு வைத்தது போல் தூரமாக இருந்தது. தலைக்கு மேலே தூக்கி வைத்தால் நில அளவைக்காரன் வரைந்த படம் போல் ஆகிவிட்டது. பிறகு நானே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிடுகிறவன் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, கேமராவின் காலை மடக்கி அந்த உயரத்துக்கு இறக்கினேன். இப்போது படத்தைப் பார்க்கிறவள்தான் சாப்பிட உட்கார்ந்தவள். நீதான்.

மிளகாய்ச் சட்னி கறுத்துப்போகும் என்று தேங்காய்ச் சட்னி வைத்தேன். ஆவி தெரிய வேண்டுமே! வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி கண்ணுக்கே தெரியாது. பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்பினேன். அடேயப்பா! சாம்பிராணிப் புகை மாதிரி எழுந்தது பார். நிழல் விழுந்த பக்கம் இருட்டிவிடாமல் இருக்க, எதிரில் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு உன் மதினி நின்றாள். படத்தில் அவள் இல்லை, ஆனால் அவள் காட்டிய வெளிச்சம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ பொம்மைக் கடை போல் இருந்தது. உன் மதினி சட்டென்று ஒரு இட்டிலியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு அப்படியே வைத்தாள். அவ்வளவுதான், உயிர் வந்துவிட்டது. அந்தப் பிட்ட வாய் உனக்கு.

ஆத்தா போன வாரம் வந்தாள். உன் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்துவிட்டாள். மதுரையில் எங்கே இருக்கிறது மாடு?

உன் அண்ணன்,
கருத்தக்கண்ணன்


பினாங்கு,
22-8-1937

என் அண்ணனுக்கு,

சாப்பிட்டேன்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று அவர் சொன்னார்.

படத்தை உறையிலிருந்து எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிட்ட இட்டிலிக்குள் இருந்த பஞ்சு தெரிகிறது. சட்னியில் ஒரு கடுகு மினுக்குகிறது. ஆவி பின்னால் எழுந்து கலைகிறது. இத்தனை கடலைத் தாண்டி வந்தும் அது இன்னும் ஆறவில்லை! அவரும் குனிந்து பார்த்தார். "ஒங்க அண்ணே மனுசனே இல்ல புள்ள" என்றார். பாராட்டுத்தான்.

பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்துவிட்டு, படத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாஷை தெரியாத நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சேர்ந்து சிரித்தோம். அவள்தான் மாவரைக்கக் கல்லுக் கொடுத்தாள். அவர் அரைத்து, துணியில் ஊற்றி அவித்தார். இட்டிலி கல்லு மாதிரி வந்தது. படத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே ஒரு வாய் தின்றேன். நின்றது. இன்னொரு வாய் தின்றேன். அதுவும் நின்றது. அவர் அடுப்படியில் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்.

இப்போது தினமும் அப்படித்தான். படம் முன்னால் இருந்தால் சோறு இறங்குகிறது. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. நேற்று வயிற்றுக்குள் மீன் துள்ளியது போல் ஒரு அசைவு.

அண்ணே, இங்கே எங்கள் தெருவில், மாரநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போன வாரம் ஏழாம் மாதக் கட்டுச்சோறு ஆக்கிப் போட்டார்கள். அவள் ஆத்தா இங்கேயே தோட்டத்தில் இருக்கிறாள். ஐந்து வகைச் சோறும் தூக்கில் கட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். நானும் போய் வளையல் போட்டுவிட்டு வந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்து, "ஒனக்கு எப்ப? ஒங்க வீட்டுல இருந்து யாரு வாராக?" என்று கேட்டார்கள். "வருவாக" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்து அவருக்குத் தெரியாமல் அழுதேன்.

இதை உன்னிடம் கேட்கவில்லை. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன் என்றுதான் சொன்னேன்.

உன் தங்கச்சி,
சீனியம்மாள்


மதுரை,
10-10-1937

என் ஆசைத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மெதுவாகப் படி. உள்ளே அட்டை வைத்துக் கட்டிய உறை இன்னொன்று இருக்கிறது. கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரி.

ஆத்தா வந்திருந்தபோது, "காப்பி கிளப்புக்காரரு காலண்டருக்கு ஐஞ்சு வகைச் சோத்தப் படம் எடுக்கச் சொல்லுறாரு ஆத்தா. செல்லத்தாய்க்குப் பக்குவம் வராது, நீ ஆக்கித் தர்றியா?" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிளப்புல கட்டுச்சோறு விப்பாகளாக்கும்?" என்றாள். நான் கேமராவைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை விடிந்தபோது, தலையில் கூடையோடு வாசலில் நிற்கிறாள். நம் வயலில் விளைந்த அரிசி, நம் மரத்துப் புளி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், தோட்டத்து வாழை இலைக்கட்டு. "இந்த ஊரு அரிசியில ஆக்குனா எவன் திம்பான்?" என்றாள். அடுப்படியில் உன் மதினியைக்கூட விடவில்லை.

புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைச் சோறு. ஐந்தையும் இலையில் வைத்துப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நம் கண்ணுக்கு மஞ்சளும் பழுப்புமாக ஜொலிக்கிறது. தகட்டில் எடுத்தால் ஐந்தும் ஒரே சாம்பல். எது எந்தச் சோறு என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? நிறத்தை மறந்துவிட்டு மற்றதைப் பிடித்தேன். புளிச்சோற்றின் மேல் வறுத்த மிளகாயும் கடலைப்பருப்பும் தெரியும்படி வைத்தேன். கறுப்பாக விழட்டும், அதுதான் அடையாளம். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிப் பக்கத்தில் சாய்த்தேன். தேங்காய்த் துருவலை ஈரம் காயும் முன் மேலே தூவினேன். தயிர்ச்சோற்றை மட்டும் தளர வைத்தேன், ஈரத்தில் வெளிச்சம் வழுக்கட்டும் என்று. சர்க்கரைச் சோற்றின் மேல் முந்திரியைப் பதித்தேன். இலையில் தண்ணீர் தெளித்ததும் பச்சை கறுத்துவிடாமல் துளித்துளியாக மின்னியது.

எல்லாம் சரிசெய்துவிட்டு, "ஆத்தா, உள்ள தலைய விட்டுப் பாக்குறியா?" என்றேன். இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை அவள். கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே போனாள்.

உனக்குத்தான் தெரியுமே, கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாக, சின்னதாக, நிறத்தோடு தெரியும். துணிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அடி ஆத்தீ! ஏண்டா கருத்தா, சோறு மேல ஒட்டிக்கிட்டு நிக்குதேடா. கீழ விழுகலையே!"

"விழுகாது ஆத்தா."

"எம்புட்டு அழகா இருக்கு. நான் ஆக்குன சோறாடா இது?"

"நீ ஆக்குனதுதேன்."

அதற்கப்புறம் வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று. உன் மதினி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உள்ள ஒரே புழுக்கம்" என்றாள். கண்மாயில் தலை முழுகிய நாளிலிருந்து கேட்காத கேள்வியை அப்போது கேட்டாள்.

"எத்தன மாசம் அவளுக்கு?"

"ஏழு நடக்குது ஆத்தா."

"பினாங்குக்குத்தேன போகுது இது?"

"ஆமா ஆத்தா."

நான் தகட்டைச் செருகப் போனேன். "இருடா" என்றாள். "வெறும் எலையில சோத்தப் போட்டு, பரிமாற ஆளு இல்லாம வச்சா அதுக்குப் பேரு படையல். செத்தவுகளுக்குத்தேன் அப்பிடி வைப்பாக. எம்மக உசுரோட இருக்கா."

சொல்லிவிட்டு இலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நெய்க் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள்.

"ஆத்தா, நான் லென்சு மூடியத் தொறந்து மூடுற வரைக்கும் கை ஆடக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். "நெல்லுக்குத்துன கைடா இது, ஆடாது" என்றாள். பிறகு இலைக்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒத்த எலையாவா போடுவாக? இன்னொண்ண எடு" என்றாள். உன் மதினி இன்னொரு இலையைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தாள். அதிலும் ஐந்து சோற்றையும் ஆத்தாவே தன் கையால் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேமராவைப் பின்னுக்கு நகர்த்தினேன். உன் மதினி வேட்டியை விரித்துப் பிடித்தாள்.

மூடியைத் திறந்தேன். ஆத்தா நெய்யை வார்த்தாள். தெருச் சத்தம்கூட நின்றுபோனது போல் இருந்தது எனக்கு. மூடினேன்.

கழுவி எடுத்த படத்தைத் தண்ணீரில் இருந்து தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எத்தனையோ படம் எடுத்தவன் நான். அவள் கை கல்லில் செதுக்கியது போல் நிற்கிறது. ஆவி மெல்லிய துணி போல் படர்ந்திருக்கிறது. அத்தனை நேரமும் விழுந்துகொண்டே இருந்த நெய் மட்டும் ஒரே வெள்ளி நூலாக, கரண்டிக்கும் சோற்றுக்கும் நடுவில் நிற்கிறது. இதை நான் செய்யவில்லை தங்கச்சி. எந்தத் தந்திரமும் இதில் இல்லை. இது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த இரண்டு இலையையும் எங்களை ஆத்தா தொடவிடவில்லை. தெருவில் கீரை விற்றுக்கொண்டு போன வாயும் வயிறுமான ஒரு பெண்ணையும் அவள் புருஷனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினாள். யார், எவர் என்று கேட்கவில்லை.

இனி உறையைப் பிரி.

உன் அண்ணன்,
கருத்தக்கண்ணன்


பினாங்கு,
7-11-1937

அண்ணே,

உன் உறை வந்து சேர்ந்தது.

நீ சொன்னபடி மெதுவாகத்தான் படித்தேன். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உரக்கப் படித்தேன். "எம்மக உசுரோட இருக்கா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர்தான் வாங்கி மீதியை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். பிறகு உறையைப் பிரித்தோம்.

முதலில் நான் சோற்றைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். மணிக்கட்டில் குத்திய பச்சை, வளைந்த சுண்டுவிரல், எல்லாம் அப்படியே. நெய் விழுந்துகொண்டே இருக்கிறது அண்ணே! நான் எப்போது எடுத்துப் பார்த்தாலும் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆத்தா இன்னும் போதும் என்று கையை எடுக்கவில்லை.

அவர் இரண்டாவது இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாருக்குப் புள்ள?" என்றார். தெரிந்துதான் கேட்டார்.

"ஒங்களுக்குத்தேன்."

எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனுஷர். எழுந்து போய்க் குளித்தார். கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து, படத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நாங்க அறுத்துப் போட்ட நெல்லத்தேன் அந்த வீடுகள்ல ஆக்குவாக. வாசலத் தாண்டி நான் போனதில்ல. எனக்கு எல போட்டுருக்காக" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நெசமாவா புள்ள?"

அடுத்த நாளே எனக்குச் சோறாக்கிப் போட்டாயிற்று. மதினி ஸ்தானத்தில் மாரநாட்டுப் பெண். படத்தைப் பார்த்துப் பார்த்து அதே வரிசையில் ஐந்து சோறும் ஆக்கினோம். எது எது என்று ஒன்றுகூடத் தப்பாமல் தெரிந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். படத்தை ஒரு மணையில் நிறுத்தி வைத்திருந்தேன். வந்தவர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே நுழைந்து, படத்தைப் பார்த்ததும் அதன் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒங்க வீட்டுல இருந்து வந்துட்டாக" என்றாள் இன்னொருத்தி. சீனத்தி சிவப்பு வளையல் வாங்கி வந்து என் கையில் போட்டாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. ஆத்தாவின் கை மெலிந்திருக்கிறது. வளையல் முழங்கை வரை ஏறிக் கிடக்கிறது. நீ எழுதும்போது திடமாக இருக்கிறாள், திடமாக இருக்கிறாள் என்றே எழுதுகிறாய். உன் படம் பொய் சொல்லவில்லை அண்ணே. அவள் சாப்பிடுகிறாளா இல்லையா? நிஜத்தை எழுது.

அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? சொல்லலாம் என்றால் இதைச் சொல்: பிள்ளை நன்றாக உதைக்கிறது.

சீனியம்மாள்


மதுரை,
28-11-1937

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே ஊருக்குப் போனேன். ஆத்தாவை வரப்பில் உட்காரவைத்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். ஆமாம், நீ சொன்னது சரிதான். நீ போனதிலிருந்து ஒரு வேளைதான் உலை வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. நான் மகன் என்று பேர்தான்.

பெரியப்பா வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. "அந்தப் பயலுக்கு எல போட்டியாமில்ல? ஊருல ஒருத்தன் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டான். நாளைக்கு நீ செத்தா தூக்க ஆளு வராது, பாத்துக்க" என்றார். ஆத்தா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "செத்தவளத் தூக்குறதுதேன் ஒங்களுக்குத் தெரிஞ்ச ஒத்தாசை. எம்மகளுக்குப் பேறுகாலம் பாக்க எவன் வாரான்?" என்றாள். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனவர்தான்.

மறுநாள் மூட்டையோடு என்னுடன் பஸ் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை துறைமுகத்தில் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவளைப் படம் எடுத்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் நாகப்பட்டினத்தில் இருந்து கப்பல். இனி அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். திருத்தினால் அடிப்பேன் என்கிறாள்.

"ஏலா சீனி, நல்லா இருக்கியா? படத்தப் பாத்துச் சோறு திண்டேன்னு எழுதிருக்க. படத்துச் சோத்தத் திண்டு எந்தப் பிள்ளடி வளந்துச்சு? நான் வாரேன். கப்பல்ல தண்ணிதேன் தெரியுமாம், தரை தெரியாதாம். தெரியாட்டிப் போகுது. பேறுகால மருந்து, கருப்பட்டி, பழம்புளி எல்லாம் மூட்டையில இருக்கு. நல்லெண்ண வாங்காத, நான் கொண்டாரேன். பிள்ள ஒதைக்குதுன்னு எழுதிருந்த. ஒதைக்கட்டும். நீயும் அப்பிடித்தேன் ஒதைச்ச.

"மாப்பிள்ளைக்கு என்ன கொழம்பு புடிக்கும், உறைப்பு எம்புட்டுத் திம்பாருன்னு ஒடனே எழுதச் சொல்லு. அவருக்கு எல போட்டேனே ஒழிய, அவரு வாய்க்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியல. அவரு கையாலயே எழுதச் சொல்லு."

இப்படிக்கு,
உன் ஆத்தா ஒச்சாயி கைநாட்டு